பூசை மணிக்குள் புருஷனைக் கைமாற்றிய கதை

பூசாரி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கற்பூரத் தட்டு தயாராக இருந்தது. அம்மனுக்கு மாலையும் போட்டாயிற்று. ஆனால் பூசாரியின் முகம் மட்டும் அம்மன் பக்கம் இல்லை, எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"அடிக்கவா, இன்னும் கொஞ்சம் பொறுக்கவா?" என்று கேட்டார்.

"பொறுங்க சாமி. முடிவுக்கு வந்துட்டோம்" என்றாள் மாரியக்கா. அரை மணி நேரமாக அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் முப்பது பேர் இருப்போம். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன், மடியில் ஸ்கோர் எழுதுகிற ஒரு சி.ஆர். கொப்பி. பேச்சு முழுக்க என் வீட்டுக்காரரைப் பற்றி. கிரிக்கெட் டீமில் அவரை வைத்துக்கொள்வதா, மேல் டிவிசனுக்குத் தள்ளிவிடுவதா என்பதுதான் கேள்வி. மணி அடித்துவிட்டால் அதற்குப் பிறகு பேசிப் பிரயோசனமில்லை.

அவர் எங்கே போனார் என்று கேட்பீர்கள். எங்கேயும் போகவில்லை. கோயில் சுவருக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஆள்

எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது. மூன்று டிவிசன். நான் பிறந்து வளர்ந்தது மேல் டிவிசன், கல்யாணம் கட்டி வந்தது கீழ் டிவிசன். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேர ஏற்றம், அவ்வளவுதான். ஆனால் திருவிழாவுக்கு முன்னால் வரும் கிரிக்கெட் பந்தயத்தின்போது மட்டும் அது இரண்டு நாடு.

யாருக்கு எந்த டிவிசனில் பேர் பதிந்திருக்கிறதோ அந்த டிவிசனுக்குத்தான் விளையாட வேண்டும். அதில் ஒரு வசதி உண்டு. ஒரு டிவிசனில் கொழுந்து முட்டிக்கொண்டு வந்தால் மற்ற டிவிசனிலிருந்து ஆள் அனுப்புவார்கள். பிறகு அங்கே வேலை கூடும்போது இவர்கள் போய்க் கைகொடுக்க வேண்டும். அந்த வழக்கத்தை அப்படியே பந்தயத்துக்கும் வைத்துவிட்டார்கள். ஒரு டீம் வெளியிலிருந்து ஒரு ஆளை எடுக்கலாம். எடுத்தால் அவர்கள் கேட்கிற ஒரு ஆளைக் கொடுக்க வேண்டும்.

பேர்ப் பட்டியல் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை பூசை மணிக்குள், மாஸ்டர் கைக்குப் போய்விட வேண்டும். மாஸ்டர் எங்கள் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். பந்தயத்துக்கு அவர்தான் அம்பயர். "நான் மணியைத்தான் பாப்பன், ஆக்களைப் பாக்க மாட்டன்" என்பார். மணி அடித்த பிறகு அம்மனே இறங்கி வந்து கேட்டாலும் பட்டியலில் ஒரு பேரை மாற்றமாட்டார்.

நாங்கள் ஆறு வருஷமாகக் கப்பைக் கண்ணால் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னால் பார்த்தோம், மேல் டிவிசன்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வரிசை வழியாக ஊர்வலம் போகும்போது. அவர்கள் வீட்டுக்குப் போக எங்கள் லயத்து வழி தேவையே இல்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில்

அந்த வாரம் திங்கட்கிழமையே பேச்சு தொடங்கிவிட்டது. கிரிக்கெட்டைப் பற்றி ஆம்பிளைகள்தான் பேசுவார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்கள் பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் எங்கள் மலைக்கு வர வேண்டும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தராசுக்கு வரிசையில் நிற்கிற அந்தக் கால் மணி நேரத்தில் நாங்கள் டீமை மூன்று தடவை கலைத்துக் கட்டுவோம்.

மாரியக்காதான் தலைமை. வாழ்க்கையில் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் யார் எந்தப் பந்துக்கு அவுட்டாவான் என்று, அவன் தலைக்குத் துணி கட்டுகிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"நம்மகிட்ட பந்து போட ஆள் இல்ல. அதை முதல்ல ஒத்துக்குவோம்" என்றாள்.

"நடு டிவிசன் கீப்பரை எடுக்கலாமே" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"அவன் கீப்பரா? பந்து போன பொறகு குனிஞ்சு கும்பிடு போடுறவன். நமக்கு வேண்டியது கஜன்."

கஜன் மேல் டிவிசன் பையன். கொழும்பில் புடவைக்கடையில் வேலை. பந்தயத்துக்கு லீவு போட்டு வருவான். அவன் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்தாலே எங்கள் பையன்களுக்குக் கால் பின்னும். முந்தின வருஷம் அவன் போட்ட பந்தில் எங்கள் ஸ்டம்ப் ஒன்று முறிந்து போய், மிச்ச மேட்சை மண்வெட்டிப் பிடி ஒன்றை நட்டு முடித்தோம்.

எங்கள் கேப்டன் தயாளன் திரீவீல் ஓட்டுகிறவன். மாரியக்கா சொன்னால் தட்டமாட்டான். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே. அங்கே ஏறி நின்று மேல் டிவிசன் கேப்டனுக்குப் போன் போட்டான். அந்தக் கேப்டன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி ரவி.

தயாளன் இறங்கி வந்தபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கஜனைத் தரேங்குறான் அக்கா."

"பதிலுக்கு யாரைக் கேக்குறான்? உன்னையா?"

"இல்ல. செல்வம் அண்ணனைக் கேக்குறான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. தராசைப் பிடித்திருந்த கணக்கப்பிள்ளைகூட நிறையை எழுதாமல் சிரித்தார்.

செல்வம் என் வீட்டுக்காரர். எனக்குச் சுருக்கென்றது. பதினாலு வருஷமாக இந்த டீமுக்கு விளையாடுகிற மனுஷன். அவரைக் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வாய்வரைக்கும் வந்தது. வெட்கக்கேடு, எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டதால் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

கொப்பி என் கைக்கு வந்த விதம்

இங்கே அந்த சி.ஆர். கொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் ஸ்கோரை லயத்துச் சுவரில் கரியால் எழுதுவார்கள். பெரியவர் ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒரு வருஷம் தோட்டத்தில் லயங்களுக்கு வெள்ளையடித்தார்கள். ஒரே பகலில் எங்கள் ஒன்பது வருஷச் சரித்திரம் அழிந்து போனது. இவர் அடித்த செஞ்சுரி, அவர் எடுத்த விக்கெட் என்று எல்லாம் போச்சு. அந்தப் பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். ஏனென்றால் அழிந்த செஞ்சுரி அவருடையது.

அதற்குப் பிறகுதான் சாதாரணதரப் பரீட்சைவரை படித்த கமலாவிடம் கொடுங்கள், அவள் எழுத்து முத்தாக இருக்கும் என்று என் தலையில் கட்டினார்கள். ஹட்டன் டவுனில் நாநா கடையில் பந்து வாங்கும்போதே எனக்கு ஒரு கொப்பியும் வாங்கி வந்தார்கள். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். பேர், அடித்த ஓட்டம், எப்படி அவுட், யார் அவுட்டாக்கியது. நாலு கட்டம்.

நாலு போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நானே ஒரு நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வாசித்தேன்

மறுபடி அதே வெள்ளிக்கிழமை, கோயில் வாசல், பூசாரியின் கையில் கயிறு.

"கமலா, கொப்பியைப் பிரி" என்றாள் மாரியக்கா. "போன பந்தயமும் அதுக்கு முந்தின பந்தயமும். செல்வம் என்ன அடிச்சிருக்கான்னு வாசி. பொய் சொல்றதா இருந்தா அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா."

நான் வாசித்தேன். "சைபர். மூணு. சைபர். ஒண்ணு. கடைசி மேட்ச்ல நாலு."

"அந்த நாலும் பந்து தானா மட்டையில பட்டுப் போனது" என்றான் ஒருவன்.

"பீல்டிங் நல்லா செய்வாரு" என்றேன் மெதுவாக.

"எத்தனை கேட்ச் எழுதியிருக்க?"

கொப்பியைப் புரட்டினேன். புரட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் புரட்டினேன். கேட்ச் ஒன்றும் இல்லை.

தயாளன் எழுந்தான். நல்ல பையன், பேசும்போது தரையைப் பார்த்தான். "அண்ணன்மேல எனக்கு மரியாதை இருக்கு. நான் மட்டை பிடிக்கப் பழகினதே அவருகிட்டதான். ஆனா கஜனைத் தரேன்னு சொல்றப்ப விட்டா, நாளைக்கு நம்மளையே நாம ஏசிக்குவோம்."

"ரவிக்குப் புத்தி கெட்டுப் போச்சு" என்றது ஒரு குரல். "மச்சான் பாசத்துல கேக்குறான். அவன் மனசு மாறுறதுக்குள்ள குடுத்துரணும்."

பூசாரி இருமினார். மாஸ்டர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாரியக்கா என் பக்கம் திரும்பினாள். "உன் புருஷன் கமலா. நீ என்ன சொல்ற?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவருக்கு வெளியே அவர் தலை மட்டும் தெரிந்தது. நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு நூறு வசனம் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், எனக்கும் அந்தக் கப் வேண்டும். என் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்று பல்லைக் காட்டுவதை ஆறு வருஷம் பார்த்தாயிற்று.

"கொப்பியில இருக்கிறதுதான் கணக்கு" என்றேன்.

மணி அடித்தது. பூசாரி அவ்வளவு வேகமாக மணி அடித்து நான் பார்த்ததே இல்லை, அவருக்கும் கப் வேண்டியிருந்தது.

உப்பு

அடுத்த இரண்டு வாரம் என் வீட்டில் பேச்சு இல்லை. உப்பு என்பார், தண்ணி என்பார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நான் பொறுக்கமுடியாமல், "என்னங்க, டீமே சேந்து எடுத்த முடிவுக்கு நான் மட்டும் என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"நீதான வாசிச்ச" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பயிற்சிக்குத் தினமும் சாயங்காலம் மேல் டிவிசனுக்கு ஏறிப் போனார். அங்கே என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் வந்திருக்கிறார் என்று ஒரு நாள் கோழி, ஒரு நாள் கருவாடு. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன செல்வம், வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டீங்களாம்?" என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் இறங்கி வருவார். வந்து என் சோற்றைத் தொடமாட்டார். அங்கே சாப்பிட்டுவிட்டதாலா, என் மேல் கோபத்தாலா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோது ரவியைப் பிடித்துக் கேட்டேன். "எதுக்குடா அவரைக் கேட்ட? உண்மையைச் சொல்லு."

"கிரவுண்டுக்கு மேல இருக்கிற மலையைப் பாத்தியா அக்கா?"

"தினம் அதுலதான்டா கொழுந்து எடுக்குறேன்."

"எடுத்தா போதுமா?" என்று சொல்லி அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சின்ன வயதில் என் பலகாரத்தை ஒளித்து வைத்துவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு.

தேயிலைக்குள் போன பந்து

இறுதிப் போட்டிக்கு வந்தது எங்கள் டிவிசனும் மேல் டிவிசனும்தான். என்னை மேசையோடு எல்லைக்கோட்டுப் பக்கம் உட்கார வைத்தார்கள். "எந்தப் பக்கம் கைதட்டப்போற கமலா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஸ்கோர் எழுதுகிறவளுக்குக் கை ஒழியாது என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் கிரவுண்டில் ஒரு பக்கம் முழுக்கத் தேயிலை மலை. பந்து அங்கே போனால் நாலு ஓட்டம் என்ற பேச்சே கிடையாது. தேடுகிறவர் பந்தை எடுத்து எறிகிறவரைக்கும் மட்டை பிடித்தவர்கள் ஓடிக்கொண்டே இருக்கலாம். பழைய விதி, யார் வைத்தார்களோ தெரியாது.

நாங்கள் முதலில் மட்டை பிடித்தோம். தயாளன் தூக்கி அடித்த பந்து தேயிலைக்குள் விழுந்தது. நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணத் தொடங்கினோம். இரண்டு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பந்து திரும்பி வந்துவிட்டது.

"யாரு எடுத்தது?" என்றாள் மாரியக்கா.

"நம்ம செல்வம்" என்றேன். பிறகு, "அவங்க செல்வம்" என்றேன்.

இன்னொரு பந்து போனது. அதற்கும் இரண்டுதான். மூன்றாவது பந்து போனபோது மாரியக்கா எண்ணவில்லை. மலையை ஏற இறங்கப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இடுப்பளவுக்கு, இடைவெளியே இல்லாமல், அடர்த்தியாக நின்றது தேயிலை. தினமும் பத்து விரலால் தொடுகிற செடி. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

போன இரண்டு பந்தயமும் அந்த மலையில் கவ்வாத்து வெட்டிய பிறகு நடந்தவை. செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்டு முதல் வருஷம் வெறும் குச்சியாக நின்றது, மறு வருஷமும் வரிசைக்கு நடுவில் தரை தெரிந்தது. பந்து எங்கே விழுந்தாலும் கிரவுண்டிலிருந்தே தெரியும், யாரும் போய் எடுத்துவரலாம். அதற்கு முன்னால், செடி வளர்ந்திருந்த வருஷங்களில், எங்கள் ஆட்கள் பந்தைத் தேடினதே இல்லை. "செல்வம் அண்ணே, எங்கண்ணே?" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அவர் கையை நீட்டுவார், பந்து அங்கே இருக்கும். அந்த மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனுஷன், ஒவ்வொரு செடியும் அத்துப்படி. இலையில் பந்து படுகிற சத்தத்தை வைத்தே வரிசையைச் சொல்லிவிடுவார். கால் முழுக்க அட்டை கடித்து ரத்தம் ஒழுக வெளியே வருவார். நான் சோப்பு நுரையைப் பூசி அட்டையை எடுத்துவிட்டிருக்கிறேன். ஆனால் கொப்பியில் எழுதினதில்லை. அதற்கு நான் கட்டம் போடவில்லை.

"அடிப்பாவி" என்றாள் மாரியக்கா. என்னைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

கடைசிப் பந்து

மேல் டிவிசன் மட்டை பிடித்தபோது எங்கள் கதியை அந்தக் கிரவுண்டே பார்த்தது. கஜன் எங்களுக்காக நன்றாகத்தான் போட்டான், ஐந்து விக்கெட் எடுத்தான். ஆனால் பந்து தேயிலைக்குள் போகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் துழாவ, அவர்கள் ஒரு பந்துக்கு ஐந்து, ஒரு பந்துக்கு ஏழு என்று ஓடினார்கள். எண்ணி எண்ணி எனக்கே மூச்சு வாங்கியது.

கடைசிப் பந்து. மேல் டிவிசனுக்கு இன்னும் நாலு ஓட்டம் வேண்டும். கடைசி ஆளாக மட்டையோடு நிற்கிறவர் என் வீட்டுக்காரர். பந்து போடப் போகிறவன் கஜன். ஒருத்தருக்குப் பதில் ஒருத்தராக மாற்றிக்கொண்ட இரண்டு பேரும் நேருக்கு நேர்.

கஜன் ஓடி வந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார், இதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். பந்து மட்டையின் நடுவில் பட்டு, மேலே எழும்பி, தேயிலைக்குள் போய் விழுந்தது. அவர் அப்படி ஒரு அடி அடித்ததை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

எங்கள் பையன்கள் மொத்தமாகத் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். மட்டைக்காரர்கள் ஓடினார்கள். ஒன்று. இரண்டு. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்று தெரியவில்லை. கப்பும் வேண்டும், அவரும் ஜெயிக்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டத்துக்கு அவர் திரும்பினார். அப்போது இடுப்பளவு தேயிலைக்குள் நின்ற தயாளன், தான் எந்த டீம், அவர் எந்த டீம் என்பதெல்லாம் மறந்து, பழைய பழக்கத்தில் சத்தம் போட்டான்.

"செல்வம் அண்ணே, எங்கண்ணே?"

என் வீட்டுக்காரர் நடு ஓட்டத்தில் நின்றார். கையை நீட்டினார்.

"சவுக்கு மரத்துக்குக் கீழ, ரெண்டாவது செடி, வேர்ப்பக்கம்."

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஆனால் பந்து அதற்குள் தயாளன் கையில். எறிந்தான். ஸ்டம்ப் விழுந்தபோது அவர் இன்னும் நீட்டிய கையோடு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு ஓட்டத்தில் கப் எங்களுக்கு.

ரவி மாஸ்டரிடம் ஓடினான். "அவுட் இல்ல மாஸ்டர், பந்து இருக்கிற இடத்தை மச்சானே சொல்லிட்டாரு."

மாஸ்டர் யோசித்தார். "ஓடுறவர் கதைக்கக் கூடாது எண்டு விதியில ஒண்டும் இல்லையே தம்பி. அவுட்" என்றார்.

ரவி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். என் அம்மா, இனி மருமகனுக்குக் கோழி இல்லை என்று அங்கேயே அறிவித்துவிட்டாள். எங்கள் பையன்கள் கப்பைத் தூக்குவதற்குப் பதிலாக என் வீட்டுக்காரரைத் தூக்கினார்கள். மாரியக்கா மட்டும் ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த வருசம் கஜன் மாதிரி பத்துப் பேரைத் தந்தாலும் இவனைக் குடுக்கக் கூடாது" என்றாள்.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் என் மேசைப் பக்கம் வந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"என்ன எழுதியிருக்க?" என்று கேட்டார். இரண்டு வாரத்தில் உப்பும் தண்ணீரும் இல்லாத முதல் பேச்சு.

பேர் கட்டத்தில் செல்வம் என்று எழுதியிருந்தேன். ஓட்டம் இரண்டு. எப்படி அவுட் என்ற இடத்தில் ரன் அவுட். யார் அவுட்டாக்கியது என்ற கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. தயாளன் என்றுதான் எழுத வேண்டும், எறிந்தது அவன்தான். நான் பேனாவை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, முத்து முத்தாக எழுதினேன்.

செல்வம்.

அவர் குனிந்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு கொப்பியை மூடி என் கையில் கொடுத்தார்.

"பசிக்குது கமலா" என்றார். "வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."